எல்லார் கருத்துக்கும் இடம் உண்டு

காலை வணக்கம் என்று பூப்படம் அனுப்புகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பத்தில் அதையும் அனுமதித்தேன். குழுவின் முதல் விதியை எழுதியவனே நான்தான், ஐயா. எல்லார் கருத்துக்கும் இடம் உண்டு.

எஹலியகொடவுக்கு மேலே உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசை அறைகளாக இருக்கும் லயத்துக்குப் பதிலாகத் தனி வீடும் காணியும் கேட்பதற்காகத் தொடங்கிய குழு அது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன் என்பதால் என்னை அட்மினாகப் போட்டார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், கொழும்புக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள், டவுனில் லொறி ஓட்டும் றிஸ்மி, எல்லோரும் இருந்தார்கள். ஆளுக்கொரு பேச்சு. அதிகாரிகளிடம் ஒரே குரலில் பதில் சொல்ல முடியவில்லை. முதலில் பூப்படங்களை நிறுத்தினேன். பிறகு பகிடி, ஜோக்குகளை. கொழும்பிலிருந்து உதயராஜ் ஒரு குரல்பதிவு போட்டான்.

"மாஸ்டர், இனி கொட்டாவி விடுறதுக்கும் ஒங்ககிட்ட பெர்மிசன் எடுக்கணுமா?"

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அழித்தேன்.

விஜயகலா வேறு மாதிரி. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறவள். மழை பிடித்ததும், எல்லோரும் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்குவோம் என்று எழுதத் தொடங்கினாள். லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறதாம். நானும் போய்ப் பார்த்தேன். வெடிப்புக்குள் என் கை நுழைந்தது. ஆனால் லயத்தை விட்டு ஒருமுறை இறங்கினால் கூடாரத்தில் போட்டு மறந்துவிடுவார்கள், காணியும் போய்விடும். இதைக் குழுவில் விளக்கினேன். அவள் விடவில்லை.

"வூடு வேணும்னா மொதல்ல ஆளு இருக்கணுமே மாஸ்டர். பொணத்துக்கா பத்திரம் எழுதுவாங்க?"

சிலர் அதற்குக் கைதட்டும் படம் போட்டார்கள். அன்றுதான் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றினேன். யாருக்கும் கருத்து இருந்தால் எனக்குத் தனியாக அனுப்பலாம், பொருத்தமானதை நான் குழுவில் போடுவேன் என்றும் அறிவித்தேன். அதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த வியாழக்கிழமை காணி அதிகாரியைப் பார்க்க டவுனுக்குப் போயிருந்தேன். மறுநாள் லயத்துக்கே வந்து குடும்பங்களைப் பார்ப்பதாகச் சொன்னார். சந்தோஷமாக ஸஹாப்தீன் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது விஜயகலாவின் செய்தி வந்தது. வெடிப்பு வழியாகச் சேற்றுத் தண்ணீர் வருகிறது. கிராம சேவகர் போன் கோல் எடுத்து எல்லோரையும் உடனே இறங்கச் சொல்கிறார். குழுவில் போடுங்கள். படமும் இருந்தது. தெளிவான படம்.

நான் போடவில்லை. ஆளில்லாத வெறும் லயத்தை அதிகாரிக்குக் காட்ட நான் விரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் மனைவி நிரோஷா போனில் பேசினாள்.

"விஜயகலா வாசல்ல வந்து நிக்கிறா. ஸ்கூலுக்கு எறங்கச் சொல்றா. பக்கத்து வூட்டு ஆளுக, குரூப்புல ஒன்னும் வரலையேங்கிறாங்க. நாங்க என்னங்க செய்ய?"

"வரலைன்னா ஒன்னுமில்ல. மாஸ்டர் பொஞ்சாதியே எறங்கினா மத்தவங்க நிப்பாங்களா? வூட்டுலயே இரு."

"சரிங்க. வாரப்போ பாண் வாங்கிட்டு வாங்க."

பேக்கரியில் பாண் வாங்கினேன். றிஸ்மியின் லொறியில் ஏறினேன். பாலத்தடியிலேயே எங்களை மறித்துவிட்டார்கள். அங்கிருந்து பார்த்தபோது லயம் இருந்த இடத்தில் சரிந்த மண்ணும் ரப்பர் மரங்களும் கிடந்தன. பாண் நனையாமல் இருந்தது.

அவர்கள் இரண்டு பேரையும் எங்கள் வாசலடியில்தான் எடுத்தார்கள். விஜயகலா நிரோஷாவின் கையைப் பிடித்திருந்தாளாம். இழுத்துக்கொண்டிருந்திருப்பாள். அவள் குணம் அப்படி. பக்கத்து வீட்டு ஆட்களையும் பிறகு எடுத்தார்கள்.

விஜயகலா அனுப்பிய அந்தச் செய்தியை நான் அழிக்கவில்லை. இதோ, நீங்களே பாருங்கள். வேறு யாருக்கும் இதுவரை காட்டவில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு குழுவை எல்லோருக்கும் திறந்துவிட்டேன். காலை வணக்கம்கூடப் போடலாம். முதல் விதி இன்னும் மேலேயே இருக்கிறது. யாரும் ஒரு வார்த்தை எழுதுவதில்லை. எதிர்ப்பு ஒன்றும் வராததால், எல்லோரும் ஒரே கருத்துக்கு வந்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.