பழுது பார்த்த பம்பு

மலேசியாவில், ஆயர் தாவாரிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் ஓரமெல்லாம் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் தாளை மடியில் விரித்துப் பக்கத்து ஆளிடம் சொன்னாள்:

“பம்பு போன மாசம் எப்படி இருந்துச்சுன்னு இந்த புரோகிராம் கேக்காதுண்ணே. இன்னிக்கி ஓடுதா, திணறுதா, நின்னுபோச்சா, அத மட்டும் சொன்னாப் போதும். நாளைக்கி நிக்கிற வாய்ப்பு எவ்வளவுன்னு கணக்குப் போட்டுரும்.”

அவர் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். குடியால் வேலை போனதாம். எட்டு மாதமாகத் தொடவில்லையாம். அவள் வேலை செய்யும், அந்த ஆலையின் ஈப்போ ஆபீசுக்குத்தான் திரும்ப வேலை கேட்கப் போகிறார்.

“மேனேஜரவிட ஒன் கம்ப்யூட்டரு நல்லதுலா. அவரு எப்பவும் பழைய கதையத்தான் கேப்பாரு. சரி, மூணு தடவ நின்ன பம்பும் புதுப் பம்பும் ஒண்ணா?”

“இல்லண்ணே. ‘பழுது பாத்து ஓடுது’ன்னு அதுக்குத் தனிக் கட்டம் வச்சிருக்கேன்.”

அவர் குனிந்து தாளில் அந்தக் கட்டத்தைத் தேடி விரல் வைத்தார்.

“என்னையும் அந்தக் கட்டத்துலயே போட்டுக்கோ தங்கச்சி. ஆனா மேனேஜரு ஒன்னக் கேட்டார்னா, ‘ஓடுது’ன்னு மட்டும் சொல்லு.”