பதவி போன பின்னும் களத்தில் நின்றவர்

பெருமைமிகு அவைத்தலைவர் சீனிவாசராகவன் அவர்களே! காக்ஸ் டவுன் கால்பந்துக் குழுவின் காளையர்களே! அக்காளையரின் சேறு படிந்த சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே கை தேய்ந்த தாய்மார்களே! நடுவராக நான் விசில் ஊதியபோதெல்லாம் என் வம்சத்தையே வாழ்த்திய பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் ஷாகுல் அமீதின் ஸலாம், வணக்கம்.

நாளை இறுதிப்போட்டி. "பசங்களுக்கு ரோஷம் வரணும் சார், ஒரு மாவீரரைப் பத்திப் பேசுங்க" என்றார் தலைவர். காலித் இப்னு வலீதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். மகிழ்ந்தார். இன்று காலை நம் கேப்டன் டிரேவரை நீக்கி, லாயிடைக் கேப்டனாக்கிவிட்டார். காலிதின் கதையைத் தலைவர் பாதிதான் கேட்டிருக்கிறார் போலும். பழைய கேப்டனே தம் கைப்பட்டையைக் கழற்றிப் புதியவருக்குக் கட்டிவிடுவது நம் குழுவின் வழக்கம். டிரேவர் பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு நான் ஆடல" என்று சொல்லிவிட்டார். இப்போது கடைசி வரிசையில் இருக்கிறார். கூட்டம் முடிந்ததும் போடும் பிரியாணிக்காக இருக்கலாம்.

காலித் யார்? உஹதுப் போரில் முஸ்லிம்களை எதிர்த்து வந்த குதிரைப்படைத் தலைவர்! பின்னாளில் அந்த முஸ்லிம்களோடே வந்து இணைந்தவர்! முத்தா களத்தில் மூன்று தளபதிகள் முறையே வீழ, கொடியை ஏந்திப் படையைக் காத்தவர்! 'இறைவனின் வாள்' என்று போற்றப்பட்டவர்! கை தட்டுங்கள். தட்டியாயிற்றா? அவரைத்தான் கலீஃபா உமர் தலைமையிலிருந்து நீக்கினார்.

"அய்யோ, ஏன் சார்?" என்கிறார் முன்வரிசையிலிருந்து எல்லம்மா அக்கா. தோற்றாரா? இல்லை. துரோகம் செய்தாரா? இல்லவே இல்லை! வெற்றி காலிதால் வருகிறது என்று மக்கள் நம்பி, இறைவனை மறந்துவிடுவார்களோ என்று உமர் அஞ்சினாராம். நம் தலைவரும் காலையில் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்: "டிரேவர் பாத்துப்பாருன்னு மத்த பசங்க ஓடறதே இல்ல சார்."

தலைமை இன்னொரு தளபதியான அபூ உபைதாவுக்குப் போனது. காலித் கூடாரத்தைச் சுருட்டினாரா? குதிரையைத் திருப்பினாரா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாரா? அபூ உபைதாவின் கீழ் நின்று போரிட்டார் ஐயா! சாகும் தறுவாயில் அவர் அழுதாராம். "என் உடம்பில் காயம் படாத இடம் ஒரு சாண்கூட இல்லை, ஆனாலும் கட்டிலில் சாகிறேனே" என்றாராம். களம் போனதே என்றுதான் அந்த மனிதர் அழுதார். டிரேவர் தம்பி, உங்களுக்கு எது வலிக்கிறது? பட்டையா, களமா?

தலைவர் "ஸ்வல்ப பேக முடிங்க சார்" என்கிறார். சீக்கிரமே முடிக்கிறேன்.

டிரேவர் எழுந்துவிட்டார். வாசல் அந்தப் பக்கம், தம்பி. இல்லை, மேடைக்கு வருகிறார். வழி விடுங்கள். பையிலிருந்து பட்டையை எடுக்கிறார். லாயிடின் கையில் கட்டுகிறார். லாயிட், அழாதீர்கள், போட்டோ எடுக்கிறார்கள். என்ன டிரேவர்? மைக்கில் சொல்லுங்கள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு வரணும் சார்?"

என்னை ஏன் கேட்கிறீர்கள்? உங்கள் கேப்டனைக் கேளுங்கள்.

பொறுத்திருந்து கேட்ட செவிகளுக்கு நன்றி. ஸலாம், வணக்கம்!