செம்புத் தகட்டுச் சிவப்பு

இல்லம்மா, தண்ணி போதும். காப்பியெல்லாம் வேணாம், பஸ் ஸ்டாண்டுலயே குடிச்சிட்டேன். ராஜவேலு பட்டறையிலயா இருக்காரு? ஆள் அனுப்பிட்டீங்களா? அய்யோ, எதுக்கும்மா ஜல்தி, வேலைய முடிச்சிட்டு வரட்டுமே.

போளூர் ஜெயவேல்னா அவருக்குத் தெரியும். மெட்ராஸ்ல லேப்ல நான் அவருக்கு சீனியரு. ஓ, சொல்லியிருக்காரா? கைராசிக்காரர்னா? அப்படியா சொன்னாரு...

என்ன ஆராய்ச்சின்னா, இப்ப ராஜவேலு குத்துவெளக்குக்கு முலாம் போடுறாரில்ல, கிட்டத்தட்ட அதேதாம்மா. மயில்துத்தத்தக் கரைச்சி, லாக்டிக் ஆசிட் ஊத்தி, காஸ்டிக் சோடா போட்டு சூடு பண்ணணும். அதுல ஒரு தகட்ட நிறுத்தி கொஞ்சூண்டு கரண்ட் உட்டா, செங்கல் கலர்ல ஒரு படலம் ஏறும். காப்பர் ஆக்சைடு. அது மேல வெளிச்சம் பட்டா கரண்ட் வரணும். ஏறும்போது பாக்கணுமே, ஊதா, பச்சை, தங்கம்னு மாறிகினே இருக்கும், உங்க ஊரு பட்டுப் பொடவைய வெயில்ல புடிச்ச மாதிரி.

நாலு வருஷம் பண்ணேன். படலம் அழகா ஏறும், மீட்டர்ல வெச்சா முள்ளு அசையாது. புரொபசர் தெனம் கேப்பாரு, என்னப்பா ஆச்சின்னு. ஸ்காலர்ஷிப் முடியற நேரம், எழுவத்தேழுல, ஒருநாள் முந்நூறு மில்லிவோல்ட் காட்டுச்சி. லேப்பே கூடி நின்னு பாத்துச்சி. அப்புறம் டாக்டர் பட்டம், காலேஜ் வேலைன்னு எல்லாம் தானா வந்துச்சி.

அடுத்த வருஷம் ராஜவேலு சேர்ந்தாரு. என் வேலையவே அவர்கிட்ட குடுத்தாங்க, இத இன்னும் பெருசா பண்ணுன்னு. அவரு கை சுத்தம்மா. என்னத விட நல்லா ஏத்துவாரு. முள்ளுதான் அசையல. தண்ணிய மாத்தனாரு, ஆசிட்ட மாத்தனாரு. காஸ்டிக் தெறிச்சி... ஆமா, அந்தத் தழும்புதான். லீவு நாள்ல நோட்டத் தூக்கிகினு என் காலேஜுக்கே வருவாரு. சார், நான் எங்க தப்பு பண்றேன்னு கேப்பாரு. சூட்ட ரெண்டு டிகிரி கொறச்சிப் பாருப்பான்னுவேன். போயி ஆறு மாசம் அதையே பண்ணிகினு கெடப்பாரு.

மூணு வருஷம். கடைசில புரொபசர் எல்லார் எதிர்லயும் சொல்லிட்டாராம், ஜெயவேல் பண்ணத உன்னால பண்ண முடியலன்னா நீ எதுக்குமே லாயக்கில்லன்னு. பெட்டியத் தூக்கிகினு வந்துட்டாரு.

பத்து நாளு யார்கிட்டயும் பேசலியா? அது எனக்குத் தெரியாதும்மா. அப்பவே உங்களுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா... தெரியாது.

இப்ப ஏன் வந்தேன்னா, எங்க காலேஜ்ல சாவித்திரின்னு ஒரு பொண்ணு. என் பேப்பரப் படிச்சிட்டு அதையே பண்ணுது. போன வாரம் என் ரூமுக்கு வந்து நிக்கிது. சார், எனக்கு மட்டும் ஏன் வரலன்னு. கண்ணெல்லாம் செவந்து போயி. வாய் வரைக்கும் வந்துடுச்சி, சூட்ட ரெண்டு டிகிரின்னு. சொல்ல முடியல.

அன்னிக்கு முந்நூறு காட்டுன அந்தத் தகடு பீக்கர்ல பண்ணதே இல்லம்மா. வெறும் செம்புத் தகட்ட உலையில போட்டு எடுத்து, மேல நிக்கிற கருப்பு தோல ஆசிட்ல கழுவிட்டேன். உள்ள அதே செவப்பு. பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். உலையில வெந்ததுக்கு முள்ளு அசையும், அது எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய வழி. அதக் கொண்டாந்து இதான் அதுன்னு வெச்சிட்டேன்.

அவரு எந்தத் தப்பும் பண்ணல.

எல்லாம் இந்தக் கடுதாசில எழுதிட்டேன். நீங்க குடுத்துடுங்க. நாலரைக்கு ஒரு பஸ் இருக்கு, நான்...

ஏம்மா வாசல்ல போயி வழிய மறிச்சிகினு நிக்கிறீங்க?

சரி. சரிம்மா. உக்கார்றேன். அவர்கிட்ட நானே சொல்றேன்.