ஏரிக்கரைச் செய்தியைப் பதினெட்டு நிமிடம் நிறுத்தி வைத்தவருக்கு

செய்திக்குச் செம்மையும் சொல்லுக்குச் சிக்கனமும் சேர்த்து, இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் செய்தி அறையின் தலைமேசையில் வீற்றிருந்து, எங்களுக்கெல்லாம் அக்காவாகி, இன்று பணி நிறைவு பெறும் செய்தி ஆசிரியர் அம்மையாருக்கு, ஒளிப்பதிவிலும் படத்தொகுப்பிலும் வாசிப்பிலும் உடனுழைத்த நாங்கள் உளமாரப் படிக்கும் மடல்.

அக்காவின் குணநலன்களை அடுக்கத் தொடங்கினால், "முதல் வரியிலயே விஷயத்துக்கு வா" என்று அவரே வெட்டிவிடுவார். ஆகவே ஒரே ஒரு நாளைச் சொல்கிறோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், விடாமழையின் நான்காம் நாள், பகல் பன்னிரண்டே முக்கால். ஒரு மணிச் செய்தியை அக்கா திருத்திக்கொண்டிருந்தபோது, வேறொரு தொலைக்காட்சியில் சிவப்பெழுத்து ஓடியது: பெரிய ஏரியின் கரை உடைந்தது. அறையிலிருந்த தொலைபேசிகள் அத்தனையும் ஒன்றாக அலறின. மேலாளர் மாடியிலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"எல்லாரும் போட்டுட்டாங்க. நாம மட்டும் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கோம்."

"கரையை யார் சார் பார்த்தாங்க? அவங்க காட்டுறது போன வருஷத்து வெள்ளம். நம்ம கேமராமேன் போயிட்டிருக்காரு. அவர் பார்த்துச் சொல்லட்டும்."

"நிஜமாவே உடைஞ்சிருந்தா?"

"நான் பதில் சொல்றேன் சார்."

கரை குறித்து உறுதியான தகவல் இல்லை, தாழ்வான பகுதியினர் மாடிகளுக்குச் செல்லுங்கள், ஊரைவிட்டு வெளியேறும் பாலத்துக்குப் போகாதீர்கள் என்று மட்டும் ஓடவிட்டார். அப்போது அவருடைய கைப்பேசி ஒலித்தது. ஏரிக்குக் கீழேயுள்ள பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் மகள்.

"அம்மா, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் பாலத்துப் பக்கம் ஓடட்டுமா? உண்மையைச் சொல்லு."

"எனக்கும் தெரியாதும்மா. எல்லாரையும் மாடியில ஏத்து. தெரிஞ்சதும் டிவியில சொல்றேன், பாரு."

ஊருக்குச் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் பெற்ற மகளுக்குச் சொல்லவில்லை. தம் கணக்குத் தப்பினால் தண்ணீர் முதலில் புகுவது அந்தப் பள்ளியில்தான் என்று அவருக்குத் தெரியும். கைப்பேசியை வைத்துவிட்டு, ஒரு மணிச் செய்தியைத் திருத்தத் திரும்பினார்.

ஒன்று மூன்றுக்கு ஒளிப்பதிவாளர் அழைத்தார். "அக்கா, கரை மேலதான் நிக்கிறேன். ஒரு விரிசல்கூட இல்ல. மதகைத் திறந்துவிட்டிருக்காங்க, அந்தத் தண்ணிச் சத்தத்தைக் கேட்டுத்தான் உடைஞ்சதுன்னு கிளப்பிட்டாங்க."

"பேசாதே, காட்டு."

முழுக்கரையும் நேரலையில் விரிந்தது. எழுதிக் கொடுக்க ஒரு வரியும் இல்லாமல், அக்கா காதுக்கருவி வழியே சொல்லச் சொல்ல, வாசிப்பாளர் இருபது நிமிடம் நிதானமாகப் பேசினார். பாலத்தில் நெருக்கியடித்த கூட்டம் கைப்பேசிகளில் அந்தப் படத்தைப் பார்த்து நின்றது. பிறகு மெல்லத் திரும்பியது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. மற்றத் தொலைக்காட்சிக்காரர்கள் சத்தமில்லாமல் சிவப்பெழுத்தை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகே அக்கா மகளை அழைத்தார். "டிவியில பார்த்துட்டேன்மா" என்றாள் மகள். அக்கா அழுது நாங்கள் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அம்மையீர்! அன்று முதல் இவ்வூரில் எந்த வதந்தி எழுந்தாலும், மக்கள் எங்கள் அலைவரிசையைத் திருப்பிப் பார்த்த பின்பே நம்புகிறார்கள். தாங்கள் ஈட்டிய அந்த நற்பெயரில்தான் நாங்கள் நிமிர்ந்து நடக்கிறோம். அதற்கு மாசு வராமல் காப்பது இனி எங்கள் கடன். அவசரமில்லாத காலைகளும், அலுப்பில்லாத மாலைகளும், நோய் அண்டாத நெடிய ஆயுளும் தங்களுக்கு அமைக!

தங்களால் தலைநிமிர்ந்த
செய்தி அறையினர்