தலைகீழ் போஸ்டர்

தம்பி: அக்கா, கொஞ்சம் வெளிய வந்து பாரேன்.

அக்கா: லென்ஸ் துடைச்சிட்டிருக்கேன். அங்கிருந்தே சொல்லு.

தம்பி: நம்ம ஷட்டர்... ஒரு போஸ்டர்கூட இல்ல. அந்தப் போஸ்டர்காரன் தெரு முழுக்க ஒட்டியிருக்கான். நம்ம கடை மட்டும் குளிச்சிட்டு நிக்கிற மாதிரி இருக்கு.

அக்கா: அஞ்சு நாளா அப்படித்தான். நீதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. கூரியர் வேலை அவ்வளவு நெருக்குதோ?

தம்பி: அதை விடு. எப்படி நின்னுச்சு? கிரீஸ் தடவினேன், அது மேலயே ஒட்டினான். எழுதிக் குடுத்து... இல்ல, எழுதி வெச்சும் ஒட்டினான்.

அக்கா: ‘விளம்பரம் ஒட்டாதீர்கள்’னு நீ எழுதினதுக்கு மேலயே ஒட்டினார். அதுவும் யாரோட விளம்பரம்? மெயின் ரோட்டுப் பெரிய கண்ணாடிக் கடையோடது. என் கடைப் பேரையே மறைச்சு. காலையில வர்றவங்க, நம்ம கடை அங்க மாறிடுச்சுன்னு நினைச்சு அங்கேயே போயிட்டாங்க. மாசக் கடைசியில கடைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு இருந்தேன்டா.

தம்பி: சாவியையா? எங்கிட்ட சொல்லவே இல்லையே...

அக்கா: நீ எல்லாத்தையும் எங்கிட்ட சொல்றியா?

தம்பி: ...இப்ப எதுக்கு அது. ஆளைப் பிடிச்சியா?

அக்கா: பிடிக்கல. உட்கார வெச்சேன்.

தம்பி: எங்க?

அக்கா: கண் டெஸ்ட் பண்ற நாற்காலியில.

தம்பி: விளையாடாதக்கா.

அக்கா: போன வாரம் மூணு நாள் நம்ம ஷட்டர்ல போஸ்டர் தலைகீழா இருந்துச்சே, கவனிச்சியா?

தம்பி: குடிச்சிட்டு ஒட்டியிருப்பான்னு நினைச்சேன்.

அக்கா: நானும்தான். மூணாவது நாள் உறைச்சுது. ஓரம் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு, படம் மட்டும் தலைகீழ். கை சரியா இருக்கு, கண்ணுதான் சரியில்ல. மறுநாள் விடியும்போதே வந்து கடையைத் திறந்து வெச்சேன். பசை வாளியோட வந்தார். அம்பது வயசு இருக்கும். திட்டப் போறேன்னு ஒடுங்கிப் போய் நின்னார்.

தம்பி: அப்புறம்?

அக்கா: நாற்காலியில உட்கார வெச்சு டெஸ்ட் பண்ணினா, சார்ட்ல முதல் வரியில இருக்கிற பெரிய எழுத்தே தெரியல. இத்தனை வருஷமா தடவித் தடவி ஒட்டியிருக்கார். சொன்னா வேலை போயிடும்னு யார்கிட்டயும் மூச்சு விடல.

தம்பி: கடவுளே...

அக்கா: கையில இருந்த ஒரு கண்ணாடி பொருந்துச்சு. மாட்டிவிட்டேன். எழுந்து வெளிய போனார். எதிர்ச் சுவர் முழுக்க அவர் ஒட்டினதுதானே... அப்படியே நின்னுட்டார். ஒவ்வொரு முகமா கிட்டப் போய்ப் பார்க்கிறார். “இந்தப் பொண்ணு சிரிக்குதும்மா”ங்கிறார். விரலால அந்தப் பல்லைத் தொட்டுப் பார்க்கிறார். அண்ணாந்து கரண்ட் கம்பியை எண்ணுறார்... நாலு தடிசு, ஒண்ணு மெலிசுன்னு. பதினஞ்சு வருஷமா கண்ணாடி விக்கிறேன். பார்க்கிறதுன்னா என்னன்னு அன்னிக்குத்தான்டா தெரிஞ்சுது.

தம்பி: அந்த நன்றிக்குத்தான் நம்ம கடையை விட்டுட்டாரா?

அக்கா: அதுக்கில்ல. சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். எங்கெங்க ஒட்டணும்னு அந்தப் பெரிய கடையில எழுதிக் கொடுத்தது. மூணு மாசமா வெச்சிருக்கார், வாசிச்சதே இல்ல.

தம்பி: அக்கா... நானே சொல்லணும்னுதான்...

அக்கா: இரு. சத்தமா வாசிச்சார். வாசிச்சிட்டு, நம்ம ஷட்டர்ல இருந்ததையெல்லாம் தண்ணி தெளிச்சு அவரே உரிச்சு எடுத்தார். “தப்பு என்னோடதும்மா, இதுல முதல் வரியிலயே இருக்கே”ன்னார்.

தம்பி: என்ன... என்ன இருந்துச்சாம்?

அக்கா: “மூணாவது தெரு கண்ணாடிக் கடை ஷட்டர்ல மட்டும் ஒட்டாதீங்க. அது எங்க அக்கா கடை.” ஒண்ணாம் வகுப்புலேருந்து உன் கோணல் கையெழுத்தைத் திருத்தினவ நான். எனக்குத் தெரியாதாடா, கூரியர்காரா?