ஐந்து வேளைப் பால்

மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் சொன்னது.

என் பெயர் மைமூனா. வயது நாற்பத்தொன்று. கணவர் பெயர் உஸ்மான். திரூர் தாலுகா கூட்டாயியில் குடியிருக்கிறேன். வீட்டைக் கவனித்து வருகிறேன்.

என் மகன் சினான் பிறந்து நாற்பத்தொரு நாள் ஆனபோது பக்கத்து வீட்டு ரஸீனாவுக்கு ஷஹ்லா பிறந்தாள். பத்தொன்பதாம் நாள் ரஸீனா காய்ச்சலில் இறந்துபோனாள். அவளுடைய மய்யித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது குழந்தை புட்டிப்பாலைத் துப்பிவிட்டு அழுதுகொண்டே இருந்தது. குழந்தையின் வாப்பா நௌஃபல் எங்கள் வாசலுக்கு வந்து, "இத்தா, நீங்க குடுப்பீங்களா?" என்று கேட்டார். நான் என் கணவரிடம் அனுமதி கேட்டேன். அவர், "குடு. ஆனா நம்ம சினானுக்குப் பார்க்க ஊர்ல ஒரு பொண்ணு கொறஞ்சிரும், இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம், எங்கள் மார்க்கத்தில் இரண்டு வயதுக்குள் ஐந்து வேளை ஒருத்தியிடம் வயிறாரக் குடித்த குழந்தை அவளுக்குப் பிள்ளை, அவள் பிள்ளைகளுக்கு உடன்பிறப்பு. இவர்களுக்குள் நிக்காஹ் கூடாது. பின்னால் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று சினானின் தடுப்பூசி அட்டைப் பின்புறம் ஐந்து வேளையையும் தேதி போட்டு எழுதினேன். முதல் வேளை லுஹர் தொழுகைக்குப் பின், ஐந்தாவது மறுநாள் அஸர் தொழுகைக்கு முன். அட்டையை ஒப்படைத்திருக்கிறேன்.

அதன் பிறகு நௌஃபல் ஷார்ஜாவுக்குப் போனார். ஷஹ்லா ஆறு வருடமாக என் வீட்டில்தான் வளர்ந்தாள். சென்ற பிப்ரவரியில் நௌஃபல் அங்கே வண்டி மோதி இறந்தார். மங்களூரில் இருக்கும் அவருடைய அண்ணன் தன்னால் வளர்க்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வேறு ரத்த உறவு இல்லாததால் பதினோரு நாள் முன்பு ஷஹ்லாவைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். நான் பார்க்கப் போனபோது அவள், "உம்மா, சினான் என் தலகாணிய எடுத்தான்னா கையை ஒடிச்சிருவேன்னு சொல்லு" என்றாள்.

இன்று வளர்ப்புப் பொறுப்புக்கான படிவம் கொடுத்தார்கள். 'குழந்தையுடன் உறவு' என்ற கட்டத்துக்குக் கீழே அச்சிட்டிருந்த பட்டியலில் பால் இல்லை. குழு உறுப்பினர் சௌமினி மேடம் இரண்டு முறை தேடிப் பார்த்தார். அதன் பிறகு எழுத்தர் பிஜு, "ரெண்டே வார்த்தை, இத்தா. 'உறவு இல்லை'ன்னு எழுதுங்க, இன்னைக்கே புள்ளைய கூட்டிட்டுப் போங்க" என்றார். நான், "சாரே, நாளைக்கு யாராவது இந்தத் தாளைக் காட்டி ரெண்டு பேருக்கும் கல்யாணம் பேசினா? படைச்சவன்கிட்ட நான் என்ன பதில் சொல்ல?" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அதன் பிறகு மேடம், "பட்டியல்படி உறவு இல்லை, வாக்குமூலம் இணைப்பு" என்று எழுதலாம் என்றும், நான் சொல்வதைத் தனியாகப் பதிவு செய்து படிவத்தோடு தைத்து வைப்பதாகவும் சொன்னார். அப்படியே எழுதிக் கையெழுத்திட்டேன். இந்தத் தாளில் பிஜு முதலில் 'செவிலித்தாய்' என்று எழுதியிருந்தார். சம்பளத்துக்குக் கொடுத்த பால் இல்லை என்று சொல்லி, அதை அடிக்கச் செய்து 'பால் தாய்' என்று மாற்றி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டேன்.

ஐந்தாவது வேளைக்குப் பிறகு அட்டையில் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று மேடம் கேட்டார். "அதுக்கப்புறம் அவ என் புள்ள, மேடம். சொந்தப் புள்ள குடிக்கிறத யாராவது எண்ணுவாங்களா?" என்று பதில் சொன்னேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. நான் சொன்னது உண்மை.

(ஒப்பம்) மைமூனா
ஷஹ்லாவின் பால் தாய்