சித்தேரியில் இறங்கிய மலர்விழி

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மனைவி மலர்விழியை இழந்த துயரத்திலும் நம்மோடு வந்து அமர்ந்திருக்கும் நண்பர் பிரான்சிஸ் அவர்களே, வேலையை விட்டுவிட்டு வண்டி பிடித்துத் திண்டிவனம் வந்திருக்கும் சித்தேரிக்கரை மக்களே, மாணவச் செல்வங்களே! விலங்கியல் துறையில் மலர்விழிக்குப் பக்கத்து மேசைக்காரனான பெரியசாமி உங்களை வணங்குகிறேன்.

நன்னீர் உயிரியல் அறிஞர் முனைவர் மலர்விழி நம்மைவிட்டுப் போய்விட்டார். அழுதுகொண்டேதான் வந்தேன். ஆனால் உங்கள் முகங்களைப் பார்த்ததும், அந்த அம்மையார் எவ்வளவு நிறைவாக வாழ்ந்தார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

யார் இந்த மலர்விழி? கோலியனூர்ப் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட தேவசகாயத்தின் மகள். சொந்த நிலம் இல்லாத வீட்டில் பிறந்து, ஏரி குளங்களில் வாழும் மீனையும் நத்தையையும் நாரையையும் படித்து முனைவரானவர். ஆய்வுக்கூடத்திலேயே உட்கார்ந்திருக்கலாமே! உட்கார்ந்தாரா? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் அல்லவா நின்றார்!

சித்தேரியை முழுவதும் ஆழப்படுத்த முடிவான கோடை நினைவிருக்கிறதா? பொக்லைன் வந்து கரையில் நின்றுவிட்டது. மேற்குப் பக்கம் மேடாக, கோரையும் புல்லுமாகக் கிடக்கும். மீன் முட்டையிடுவது அங்கேதான். காலனிப் பெண்கள் மாட்டுக்குப் புல் அறுப்பதும் அங்கேதான். "அதை மட்டும் விடுங்கள்" என்றார் மலர்விழி. ஊரே கொதித்தது. இதோ, முன்வரிசையில் இருக்கிறாரே விவசாய சங்கத் தலைவர் சுப்பராயலு, நிலக்கடலை பயிரிட்டிருந்த அவர் கேட்டார்:

"ஏம்மா, கொக்குக்கு ஏரிய வுட்டுட்டு நாங்க மல்லாட்டையக் காய வுட்டுக்கினு நிக்கணுமா?"

சிரிக்காதீர்கள் ஐயா, நீங்கள் கேட்டதுதான்!

மலர்விழி கோபப்பட்டாரா? இல்லை. "உங்க பயிருக்காகவும்தாங்க சொல்லிக்கினு இருக்கேன். ஜல்தியா ஒரு மம்முட்டி குடுங்க, காட்டுறேன்" என்றார். காய்ந்து கிடந்த மேற்குப் பக்கத்தில் தானே குழி வெட்டினார். மேலே வண்டல். அதற்குக் கீழே களிமண், ஒரு முழம்கூட இல்லை. அதையும் தாண்டினால் வெறும் மணல்! குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். எல்லோரும் குனிந்து பார்க்கப் பார்க்க, ஊற்றியதெல்லாம் மணலுக்குள் இறங்கிப் போனது.

"இந்தக் களிமண்ணை வாரிட்டா ஏரி தண்ணியப் புடிச்சி வைக்காதுங்க. நடுவுல வண்டல் நிறைய இருக்குது, அதை எடுத்துக்குங்க" என்றார்.

சுப்பராயலு குழிக்குள் கைவிட்டு ஈர மணலை அள்ளிப் பார்த்தார். பிறகு பொக்லைன் ஓட்டுநரைக் கூப்பிட்டார். "நடுவுல மட்டும் வாருப்பா. மேற்கால போவாத!"

ஏரி தப்பித்தது. அடுத்த கோடையிலும் மதகில் தண்ணீர் ஓடியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு வாரிய பிறகு மீன் பெருகச் சில வருடமாவது ஆகும் என்று சொல்லியிருந்தார் மலர்விழி. முதல் மழைக்கே கெளுத்தியும் குறவையும் கோரைக்குள் துள்ளின! காலனியைச் சேர்ந்த அம்சா ஒரு சட்டி மீனோடு கல்லூரிக்கே வந்துவிட்டார். "டீச்சர், நீ சொன்னது தப்பாப் போச்சு பாரு!"

மலர்விழி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தப்பாப் போனதுல இவ்ளோ சந்தோஷம் எனக்கு எப்பவும் வந்ததில்ல அக்கா!" அன்று துறை முழுக்க மீன் குழம்பு. பிறகு ஒரு பெரிய கருத்தரங்கிலும் "என் கணிப்பு பொய்த்தது" என்றுதான் பேச்சைத் தொடங்கினார். எத்தனை பேருக்கு வரும் இந்த மனசு!

நோய் முற்றி முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் இருந்தபோது பார்க்கப் போனேன். வலி இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் குறைப்படவும் இல்லை. "நெனச்ச வேலையத்தான் சார் செஞ்சிக்கினு இருந்தேன். எத்தினி பேருக்கு அது கிடைக்குது?" என்றார். பிரான்சிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தோழர்களே! பனமலைப் பக்கம் இன்னோர் ஏரியை ஆழப்படுத்தப் பேசுகிறார்கள். வரும் வியாழக்கிழமை அங்கே ஊர்க்கூட்டம். மலர்விழி இருந்திருந்தால் போயிருப்பார். இப்போது நாங்கள் போகிறோம்! சுப்பராயலு வருகிறேன் என்கிறார். அம்சாவும் வருகிறார். அந்த ஊர்க்காரர்கள் திட்டுவார்கள், கேட்டுக்கொள்வோம். அவர்கள் மண்ணையும் தண்ணீரையும் பார்த்துவிட்டுத்தான் பேசுவோம். இது முனைவர் மலர்விழிக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு. அவரோடு வேலை செய்யக் கிடைத்தவர்கள் நாங்கள். அந்த மகிழ்ச்சியோடுதான் இதைச் சொல்கிறேன். வியாழக்கிழமை வண்டியில் இடம் இருக்கிறது, வாருங்கள்!